இடையில் ஓடியது

பால் காய்ச்சும் சட்டி கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆனந்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுப்பில் பாலை வைத்ததும், மாதா கோயிலில் மத்தியான மணி அடிக்கத் தொடங்கியதும், சிறு வயதிலிருந்து வந்த பழக்கத்தில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பிக் கண்ணை மூடியதும் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. காலை, மத்தியானம், சாயங்காலம் மணி அடித்ததும் சொல்லும் ஒரு திரிகால செபத்தை முடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? கண்ணைத் திறந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது. சட்டியைத் தொட்டால் சூடும் இல்லை, ஈரமும் இல்லை. ஜன்னல் வழியாகச் சமையல் மேடைமேல் விழுந்திருந்த வெயில் மட்டும் இறங்கித் தரையில் பாதித் தூரம் போயிருந்தது.

தூக்கக் கலக்கம்தான் என்று சொல்லிக்கொண்டாள். ஐந்து மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, பகலில் வீட்டிலிருந்தே மில் வேலையும் பார்த்து, ராத்திரி அரைத் தூக்கம் தூங்குகிறவளுக்குப் புத்தி எங்கே நிலையாக இருக்கும்? அடுத்த அறையில் சேலைத் தொட்டிலை விலக்கிப் பார்த்தாள். மதி விழித்துத்தான் கிடந்தாள். பசி நேரம் தாண்டியும் அழவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு, மூச்சு விடுவதுகூட வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதுபோலக் கிடந்த குழந்தை, அம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் உதட்டைப் பிதுக்கி வீறிட்டது.

தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கமிருந்து காற்று வீசியது. அந்த வருஷம் திண்டுக்கல்லில் மழை என்ற பேச்சே இல்லை. காற்றில் சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த நாற்றம்தான் வரும், அதுவும் வீட்டுக்குள் வந்து துணியிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்னும். ஆத்தூர் அணைத் தண்ணீர் எப்போதாவது குழாயில் வரும், வந்த அன்றைக்குச் சமையலறை மூலையில் நிற்கும் ஊதா பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து மூடிவைத்து உயிரைப் போலக் காப்பாற்றுவார்கள். எலி மூடியைத் தள்ளிவிடுகிறது என்று அதன்மேல் பழைய ஆட்டுக்கல் குழவியை வைத்திருந்தான் அவள் புருஷன் ஆல்வின். பிரசவத்துக்கு வயிற்றைக் கிழித்த பிறகு அவள் அந்தக் கல்லைத் தொட்டதே கிடையாது. இப்போது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்குத் திரும்பியவள் வாசற்படியிலேயே நின்றாள். குழவி தரையில் இருந்தது. டிரம்மின் மூடி திறந்திருந்தது. அசையாமல் கிடந்த தண்ணீரில் மேலே இருந்த ஓட்டுக்கூரை தெரிந்தது.

சாயங்காலம் ஆல்வின் வந்து கல்லைத் தூக்கி மறுபடி மேலே வைத்தான். தூக்கக் கூடாது என்று டாக்டர் அத்தனை தடவை சொல்லியிருக்கிறாரே என்று கடிந்துகொண்டான். நான் தூக்கவில்லை என்று அவள் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ரெட்டியார்சத்திரம் போகும் வழியில் இருந்த ஒரு நூல் மில்லில் ஆல்வின் சூப்பர்வைசர். அதே மில்லுக்குத்தான் ஆனந்தி வீட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். அங்கே மெஷினில் நூல் அறுந்தால் மணி அடிக்கும். பக்கத்தில் நிற்கும் பெண் ஓடிவந்து ஒரு பட்டனை அழுத்திவிட்டு நூலை முடிந்துவிட வேண்டும். மணி அடித்ததற்கும் பட்டன் அழுத்தியதற்கும் நடுவில் எவ்வளவு தாமதம் என்று ஆனந்தி எழுதிக் கொடுத்த புரோகிராம் குறித்துவைக்கும். தாமதம் என்று வந்தால் அந்தப் பெண்ணுக்கு எல்லார் முன்னாலும் திட்டு. நாங்கள் உடனேதான் அழுத்தினோம் என்று பெண்கள் அழுதார்கள். பொய் சொல்கிறார்கள் என்றார் மேனேஜர்.

ஆனந்திக்கு ஒரு சந்தேகம். கம்ப்யூட்டரில் நாலைந்து புரோகிராம்கள் ஒன்றாக ஓடுவதுபோலத் தெரியும், உண்மையில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் கெர்னல்தான் யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கிறது. உள்ளே ஒரு கடிகாரம் விடாமல் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு மணிக்கும் கெர்னல் விழித்துக்கொள்ளும், ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தி ஓரமாக வைக்கும், அடுத்தவனை ஓடவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், நிறுத்திவைக்கப்பட்ட புரோகிராமுக்குத் தான் நிறுத்தப்பட்டதே தெரியாது. விட்ட இடத்திலிருந்து தொடரும்போது நடுவில் ஒன்றுமே நடக்காததுபோலத்தான் அதற்கு இருக்கும். அப்படியானால் தாமதம் அந்தப் பெண்களுடையதாகத்தான் இருக்க வேண்டுமா? அவளுடைய புரோகிராமே அந்நேரம் ஓரமாகக் கிடந்திருக்கலாமே.

ஆகவே கெர்னல் தனக்குள் வைத்திருக்கும் நேரக் கணக்கைச் சாதாரண புரோகிராம்களும் எட்டிப் பார்க்கும்படி ஒரு ஜன்னல் திறந்துவிட்டாள். ஜன்னலில் மூன்றே விஷயம் தெரியும். எப்போது நிறுத்தப்பட்டாய், எப்போது மறுபடி ஓடினாய், இடையில் ஓடியது யார். பால் சட்டி கழுவிக் கவிழ்த்திருந்த அன்று காலையில்தான் அதை முதன்முதலில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவைத்திருந்தாள்.

மறுநாள் சாப்பாடு முடிந்ததும் மதியைத் தொட்டிலில் போட்டுவிட்டுச் சோதனைக்கு உட்கார்ந்தாள். மில் மணியின் ஓசையை அப்படியே பதிந்து வைத்திருந்தாள். அது ஸ்பீக்கரில் அடிக்கும்போதெல்லாம் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மின்விசிறி கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது, தெருவில் எவனோ பழைய இரும்பு பிளாஸ்டிக் என்று கூவிக்கொண்டு போனான், தோல் நாற்றம் ஜன்னல் திரையை உப்பவைத்துக்கொண்டு உள்ளே வந்தது. மணி அடித்தது. தட்டினாள். அடித்தது. தட்டினாள். அடித்தது.

அறை இருண்டிருந்தது. விரல் கட்டையின் மேலேயே இருந்தது, நுனி மரத்துப்போயிருந்தது. திரையின் வெளிச்சம் மட்டும்தான் அறையில் இருந்தது. மின்விசிறியை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

திரையில் கணக்கை மேலே தள்ளிப் பார்த்தாள். ஆரம்பத்தில் சில வரிகள் அவளுடையவை. மணிக்கும் தட்டலுக்கும் நடுவில் எந்த மனுஷிக்கும் ஆகக்கூடிய தாமதம் அவளுக்கும் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக வரிகள், எதிலும் தாமதம் இல்லை. மணி அடித்த அதே கணத்தில் தட்டல். காதில் ஓசை விழுந்து, மனசுக்குத் தெரிந்து, விரல் அசைய வேண்டிய அந்தச் சின்ன இடைவெளிகூட இல்லை. புரோகிராம் எங்காவது நிறுத்தப்பட்டதா என்று பார்த்தாள். எங்கும் இல்லை. இடையில் ஓடியது யார் என்ற இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது.

நிறுத்தப்பட்டது புரோகிராம் இல்லை. நிறுத்தப்பட்டது அவள்.

தொட்டிலுக்கு ஓடினாள். மதி விழித்திருந்தாள், சத்தமில்லை. விளக்கைப் போட்டுத் துணியை விலக்கினாள். தொடையில் நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் கன்றிப்போய்ப் பதிந்திருந்தன. ஆனந்தி தன் கையை மெல்ல அந்தத் தடத்தின் மேல் வைத்துப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. குழந்தை உடம்பை விறைத்துக்கொண்டது.

ஆல்வினிடம் சொன்னாள். நடுவில் நேரம் காணாமல் போகிறது, அந்த நேரத்தில் நான் நானாக இல்லை, எனக்குப் பயமாக இருக்கிறது, பிள்ளையை உங்கள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுங்கள் என்றாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டான். வேலையை விட்டுவிட்டு ரெண்டு நாள் தூங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அப்புறம் சாதாரணமாக ஒன்று சொன்னான்.

“இது என்ன புதுசா? கல்யாணம் ஆனதுலருந்து நீ இப்படித்தான இருக்க. மணி அடிச்சு செபம் சொன்னீன்னா அதுக்கப்புறம் செத்த நேரம் வேற ஆளு மாதிரிதான். கூப்புட்டாத் திரும்ப மாட்ட. ஆனா வேலையெல்லாம் சுத்தமா இருக்கும்.”

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நேற்றுத் தொடங்கியதில்லை. நேற்றுத்தான் அவளுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. பள்ளிக்கூட நாட்களில் மத்தியானங்கள் அத்தனை சீக்கிரம் முடிந்துபோனதை நினைத்தாள். அம்மா சில நாட்களில் தன்னைக் கண்டால் ஒதுங்கிப் போனதை நினைத்தாள். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

விடிந்ததும் கம்ப்யூட்டரை அணைத்துத் துணி போட்டு மூடினாள். பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் பிள்ளையைப் பார்க்க வந்தாள். மேட்டுப்பட்டிப் பக்கம் பிறந்து வளர்ந்தவள், வாய் கொஞ்சம் நீளம், ஆனால் ஆபத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவள். தொடைத் தடத்தைப் பார்த்துவிட்டு அவள் ஆனந்தியைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

“கோவிச்சுக்கிறாத ஏத்தா. மணிச் செபத்துக்குப் பொறகு நீ இந்தப் புள்ளையத் தூக்கி நான் பாத்ததே இல்ல. தொட்டிப் பக்கத்துல நிப்ப. குனிஞ்சு பாத்துக்கிட்டே நிப்ப. புள்ள அம்புட்டு நேரமும் மூச்சுக் காட்டாமக் கெடக்கும்.”

“ஏன்க்கா என்கிட்ட சொல்லல?”

“சொன்னேன்த்தா ஒருநா. நீ திரும்பிப் பாத்த பார்வையில அப்பறம் நான் வாயத் தொறக்கல.”

அவள் வெறும் கையோடு வரவில்லை. மந்திரித்த எண்ணெயும், தன் பேத்திக்குப் போட்டுக் கழற்றிய வெள்ளிச் சலங்கைக் கொலுசு ஒரு ஜோடியும் மடியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். பிள்ளை காலில் சலங்கை கிடந்து ஓயாமல் காதில் விழுந்தால் பெற்றவளுக்குப் புத்தி வேறு பக்கம் போகாது, அவர்கள் வீட்டில் சித்தம் கலங்கின பச்சை உடம்புக்காரிக்கெல்லாம் அதுதான் வைத்தியம் என்றாள். வேறு நாளாக இருந்தால் ஆனந்தி சிரித்திருப்பாள். இன்றைக்கு அது அவளுக்கே நியாயமாகப் பட்டது. அவள் தொழிலிலும் அப்படித்தான் செய்வார்கள். ஒரு ஓசை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம், ஓசை விட்டுப்போனால் எங்கே விட்டது என்று தெரிந்துவிடும். சாயங்காலம் ஆல்வின் வருகிறவரை எப்படியாவது தன்னைத் தானே பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். அவன் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பஸ் ஏறிப் பிள்ளையைச் சேவுகம்பட்டியில் மாமியார் வீட்டில் விட்டுவிட்டுத் தான் மட்டும் திரும்பிவிடுவது என்று தீர்மானித்திருந்தாள். மத்தியான மணிக்கு வியாகுலம்மாள் மதியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். ஆனந்தி தலையணையைக் காதோடு அழுத்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தப்பித்துவிட்டோம் என்று நினைத்தாள்.

வெயில் சாயும் நேரத்துக்கு வியாகுலம்மாள் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். கொலுசை எடுத்துக் கையில் கொடுத்தபோது தெருக்கோடியில் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. சந்து முழுக்கக் குடங்கள் உருண்டன. குடத்தை வைத்துவிட்டு இதோ வாரேன் என்று அவள் ஓடினாள். தெருவில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. லாரி நின்ற பக்கமிருந்து சண்டைச் சத்தமும் பாத்திரம் மோதும் சத்தமும் மட்டும் வந்தன. ஆனந்தி மதியின் வலது காலில் கொலுசை மாட்டித் திருகாணியைத் திருகினாள். குளிர்ந்த வெள்ளி பட்டதும் குழந்தை காலை உதைத்தது. சலங்கை குலுங்கியது.

இரண்டு காலிலும் கொலுசு கிடந்தது. மதி மடியில் இல்லை, தொட்டிலில் இருந்தாள். வாசல் கதவு சாத்தி மேல் தாழ்ப்பாள் போடப்பட்டிருந்தது.

அவள் தாழ்ப்பாள் போடவில்லை. எழுந்து கதவை நோக்கி ஓடினாள். பின்னால் தொட்டிலில் ஒரு குலுங்கல்.

கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கையில் சீப்பு. முடி வழித்து வாரிப் பின்னியிருந்தது. மாதா படத்துக்குச் சாத்தியிருந்த மல்லிகைச் சரம் அவள் தலையில் இருந்தது. கண்ணாடியில் இருந்த முகம் அப்போதுதான் எதையோ முடித்துவிட்டு ஓய்ந்ததுபோல இருந்தது.

சீப்பைப் போட்டாள். கத்தினாள். லாரிப் பக்கத்துச் சண்டையில் அது யாருக்கும் கேட்கவில்லை. சலங்கை.

சமையலறை. டிரம் மூடி அவள் கையில். குழவி தரையில். வயிற்றுத் தையல் பிய்ந்ததுபோல வலித்தது.

மணி. அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோயில் மணி. மில் மணி. இப்போது இது. மணி அடித்தால் ஓடுவது ஓரமாக வைக்கப்படும், அடுத்தவள் எழுந்துகொள்வாள். நாளுக்கு மூன்று தடவை மட்டும் வந்துபோனவளுக்கு, பிள்ளையின் காலிலேயே மணியைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். தன் கையால்.

காதைப் பொத்திக்கொண்டு தொட்டிலுக்குப் போனாள். மதி அவளைப் பார்த்தாள். கொலுசைக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமானால் காதிலிருந்து கையை எடுக்க வேண்டும். எடுத்தாள். இரண்டு பாதங்களையும் சேர்த்து ஒரு கையால் இறுக்கிப் பிடித்தாள். உதைக்காதே கண்ணு. உதைக்காதேடா. திருகாணி வழுக்கியது. நகத்தால் திருப்பினாள். அரைச் சுற்று. இன்னும் அரைச் சுற்று. அம்மாவின் குரலைக் கேட்டுக் குழந்தை சிரித்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு. காலை உதறியது.

தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யாரும் இல்லை.

தொட்டில் சேலையின் சூடு இன்னும் போகவில்லை. ஆனந்தியின் ரவிக்கைக் கைகள் இரண்டும் நனைந்திருந்தன.

சமையலறைக்கு எப்படிப் போனாள் என்று தெரியாது. டிரம் மூடியிருந்தது. மேலே குழவி. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். அசையவில்லை. தோளைக் கொடுத்தாள். வயிற்றில் ஏதோ பிளந்தது. தள்ளினாள். கல் ஒரு விரல்கடை நகர்ந்தது. இன்னும் கொஞ்சம். பிள்ளை உயிரோடு இருக்குமா? மாதாவே, இருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம்தான்.

உள்ளே பிளாஸ்டிக்கில் ஏதோ மோதியது. தண்ணீருக்கு நடுவிலிருந்து, மங்கலாக, சலங்கை குலுங்கியது.

இருக்கிறாள். உயிரோடு

ஆனந்தி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மாற்றுச் சேலை கட்டியிருந்தாள். கைகள் உலர்ந்து மடியில் கிடந்தன. வீடு பெருக்கியிருந்தது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. தலையில் மல்லிகை மணத்தது. லாரி போய்விட்டது. சந்தில் பெண்கள் குடத்தோடு பேசிக்கொண்டு திரும்பும் சத்தம் கேட்டது. நாற்காலி சமையலறையைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

டிரம்மின் மேல் குழவி நடுவாக இருந்தது. குழவிமேல் கொலுசுகள் இரண்டும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, திருகாணி திருகி, ஈரம் காயாமல் இருந்தன. டிரம்மிலிருந்து சத்தம் ஏதும் இல்லை.

வாசலில் ஆல்வினின் வண்டி வந்து நின்றது. கதவைத் தட்டினான். பிள்ளை தூங்குகிறாளா என்று கேட்டான். ஆனந்தி வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும். கல்லைத் தூக்கச் சொல்ல வேண்டும். என்னங்க என்ற ஒரு சொல் தொண்டைவரை வந்தது.

மாதா கோயிலில் சாயங்கால மணியின் முதல் அடி விழுந்தது. மடியில் கிடந்த கைகள் இரண்டும் தாமாக எழுந்து கூப்பிக்கொண்டன.